சக்திக்கேற்ற தவம்: நோன்பு நாள்களில் மருந்து

(பரியூஷணப் பர்வத்தை முன்னிட்டுத் திருப்பூரில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

நோன்பு இம்மண்ணுக்குப் புதிதன்று. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில், சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் அனசனம் நோற்ற செய்தியைப் பழங்கல்வெட்டு ஒன்று இன்றும் தாங்கி நிற்கிறது. அது வாழ்வின் நிறைவில் ஏற்ற சல்லேகனை. நாம் பரியூஷணத்தில் ஏற்கும் உபவாசமோ, வாழ்வைத் தூய்மை செய்து மேலும் வாழ்வதற்கு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

காதர்பேட்டையில் கடை நடத்தும் ஓர் அன்பரை எண்ணிப் பாருங்கள். சர்க்கரை நோய்க்குக் கிளிமிபிரைடு உண்பவர். அட்டாயியின் இரண்டாம் நாள், மாத்திரையை விடலாகாது என்று கொதித்தாறிய நீருடன் விழுங்கிவிட்டுக் கடைக்குச் செல்கிறார். வயிற்றில் உணவில்லை, மாத்திரையோ இன்சுலினைச் சுரக்கச் செய்துகொண்டே இருக்கிறது. நண்பகலில் வியர்வை, நடுக்கம், பேச்சில் தடுமாற்றம். அருகிலுள்ளோர் அதைத் தவத்தின் களைப்பென்று எண்ணுகின்றனர். வேறொரு வீட்டில், வலிப்பு நோயுள்ள பெண்மணி எட்டு நாளும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார். முன்னவர் மாற்ற வேண்டியதை மாற்றவில்லை. பின்னவர் விடக்கூடாததை விட்டார். இருவரும் முன்னரே மருத்துவரைக் கேட்கவில்லை என்பதே பிழை.

எல்லா மருந்துக்கும் ஒரே விதி இல்லை. இன்சுலினும் கிளிமிபிரைடு போன்றவையும் உணவின்றேல் சர்க்கரையை ஆபத்தாகத் தாழ்த்தும். அளவை மருத்துவரே மாற்ற வேண்டும். டப்பாகிளிஃப்லோசின் வகை, நீண்ட உபவாசத்தில் இரத்தத்தில் அமிலத்தைப் பெருக்கக்கூடும். சிறுநீர் பெருக்கும் இரத்த அழுத்த மாத்திரைகள், நீர் குறைந்த உடலில் மயக்கத்தைத் தரும். வலிநிவாரணிகள் வெறும் வயிற்றைப் புண்ணாக்கும். வலிப்பு மருந்தையும், இதயத்துக்கான இரத்தம் உறையாமைக்குரிய மருந்தையும் தாமாக நிறுத்துதல் கூடவே கூடாது. விட்ட வேளைக்கும் சேர்த்து மறுநாள் இரட்டிப்பாக உண்பதும் தவறு.

இனி, வேளையைக் காண்போம். ஆவணி, புரட்டாசியில் நம் ஊரில் கதிரவன் ஆறரை மணியளவில் மறைகிறது. சௌவிகார் ஏற்றவருக்கு இரவு ஒன்பது மணி மாத்திரை இயலாது. அதை மாலைக்கு மாற்றலாமா, நாளுக்கு ஒரு வேளை மட்டும் உண்ணும் மாற்று மருந்து உண்டா என்று சில வாரங்களுக்கு முன்பே கேட்டறியுங்கள். இயலாதெனில், இரவில் நீரையும் மருந்தையும் அனுமதிக்கும் துவிகார் உண்டு. உபவாசம் ஒவ்வாதவர்க்கு ஏகாசனமும் பியாசனமும் உண்டு. குறைத்துண்ணும் ஊனோதரியும் புறத்தவம் ஆறனுள் ஒன்றே.

மருந்துண்டால் விரதம் கெடுமோ என அஞ்சுவோர் ஒன்றை நினைவிற்கொள்க. பச்சக்காணத்திலேயே விலக்குகள் வகுக்கப்பட்டுள்ளன. கடும் நோயால் மன அமைதி குலையும்போது மருந்தேற்க இடந்தரும் 'சவ்வ சமாகி' விலக்கு அவற்றுள் ஒன்று. தத்துவார்த்த சூத்திரமும் தீர்த்தங்கர நாமகருமத்துக்குரிய பாவனைகளில், சக்திக்கேற்ற தவத்தையே வைத்துள்ளது. உம் நிலையைக் குருமகாராஜரிடம் மறையாது கூறி, அதற்கேற்ற பச்சக்காணத்தைக் கேட்டுப் பெறுங்கள்.

சர்க்கரை நோயாளர் நோன்பு நாளில் விரல்நுனிச் சோதனையைப் பலமுறை செய்ய வேண்டும். 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினாலோ, 300-ஐக் கடந்தாலோ, அப்பொழுதே நோன்பை முடித்துவிட வேண்டும். தாழ்ந்தவருக்கு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மீண்டும் சோதியுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் புகட்டாது மருத்துவமனைக்கு விரையுங்கள்.

இல்லத்தாருக்கு ஒரு வேண்டுகோள். தவம் ஏற்றவரின் மருந்துப் பட்டியலை ஒரு தாளில் எழுதி, வீட்டிலும் கடையிலும் வையுங்கள். இடையில் நோன்பை முடித்தவரை ஏளனமாக நோக்காதீர்கள். ஒளஷத தானத்தைப் பெருந்தானமாகப் போற்றும் மரபு நமது. பிறருக்கு மருந்தளிப்பது புண்ணியமெனில், தம் உடலுக்குரிய மருந்தை உரிய வேளையில் ஏற்பது எங்ஙனம் பாவமாகும்? எவ்வுயிர்க்கும் தீங்கிழையாமையே நம் அறம். அவ்வுயிர்களுள் உம் உயிரும் ஒன்று.

தவம் இனிது நிறைவுறுக! என் சொல்லில் பிழையிருப்பின் பொறுத்தருள்க. மிச்சாமி துக்கடம்.