ஆற்றுநீர்: உரிமையும் கடமையும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



முல்லையாற்று நீரால் வளர்ந்த நாம், அந்நீரின்மேல் நமக்குள்ள உரிமை யாது என்பதைச் சிறிது ஆராய விரும்புகின்றோம். “நமது ஆறு, நமது தண்ணீர்” என்று மேடைதோறும் முழங்குகின்றோம். சட்டம் அதுபற்றி என்ன கூறுகின்றது என்பதை நம்மவருட் பலர் அறிந்தாரில்லை. உரிமையின் எல்லையை அறியாதான் அதனைக் காக்கவும் அறியான்.

மேற்கே ஓடிய பெரியாற்றைத் தடுத்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பிய பெருஞ்செயல் கர்னல் ஜான் பென்னிகுயிக் அவர்களால் 1895-ஆம் ஆண்டில் நிறைவேறிற்று. அதற்கு அடிப்படை, 1886 அக்டோபர் 29-ஆம் நாள் திருவிதாங்கூர் அரசும் ஆங்கில அரசும் செய்துகொண்ட 999 ஆண்டுக் குத்தகையாகும். ஏறத்தாழ 8,000 ஏக்கர் நிலத்துக்கு ஏக்கர் ஒன்றுக்கு 5 ரூபாய் வீதம் ஆண்டுக் குத்தகை ஏற்பட்டது. 1970-ல் அது 30 ரூபாயாக உயர்ந்தது. 1979-ல் 152 அடியாயிருந்த நீர்மட்டம் 136 அடிக்குத் தாழ்த்தப்பட்டது. 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் எனத் தீர்ப்பளித்தது. கேரளச் சட்டமன்றம் உடனே ஒரு சட்டத் திருத்தத்தால் அதனைத் தடுத்தது. 2014 மே 7-ஆம் நாள் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அத்திருத்தம் செல்லாதென்றது. நீதிமன்றம் ஆராய்ந்து முடித்ததைச் சட்டமன்றம் தன் சொல்லால் அழித்தல் கூடாது என்பதே அதன் சாரம். அவ்வாண்டு நவம்பரில் நீர் 142 அடியைத் தொட்டது. இவ்வெற்றி ஆரவாரத்தால் வந்ததன்று. ஆவணத்தாலும் வாதத்தாலும் வந்தது. மலைக்கு மேற்கே வாழ்வோர் அணையைக் குறித்து அஞ்சுவதையும் நாம் இகழ்தல் தகாது. அவர்தம் உயிரும் உயிரே.

இனி மலைக்குக் கீழே வருவோம். லோயர் கேம்பில் இறங்கும் நீர், கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாகச் சென்று 14,707 ஏக்கர் இருபோக நிலத்தை விளைவிக்கின்றது. இங்கே, ஆற்றோரம் சிறிது நிலம் வாங்கிக் கிணறு வெட்டி, குழாய் வைத்துத் தொலைவிலுள்ள மேட்டு நிலத்துக்கு நீரைக் கொண்டுபோவோர் இருக்கின்றனர். “கிணறு என் நிலத்தில் உள்ளது, நீர் எனது” என்பது அவர்தம் வாதம். ஆற்று மணலின் ஊடே ஊறிவரும் நீர் ஆற்றினது அன்றி வேறு யாது?

1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், கரையோர நிலமுடையான் குடிக்கவும், வீட்டுக்கும், கால்நடைக்கும் ஆற்றுநீரைக் கொள்ளலாம். அக்கரை நிலத்துக்குப் பாய்ச்சலாம். ஆயின் தன்னையொத்த பிற கரையோரத்தாருக்குக் கேடு செய்தலாகாது என்கின்றது. ஆறு, காடு போன்றவற்றை அரசு மக்கள் பொருட்டுப் பாதுகாக்கும் பொறுப்பாளனேயன்றித் தனியாருக்கு வாரி வழங்கும் உடைமையாளன் அன்று என்று, பியாஸ் ஆற்று வழக்கில் உச்ச நீதிமன்றம் உரைத்தது. அரசுக்கே அத்துணை எல்லை உண்டெனின் நமக்கு எவ்வளவு!

அரசியலமைப்பில் 1976-ல் 42-ஆம் திருத்தத்தால் இரண்டு கூறுகள் சேர்ந்தன. 48அ என்னும் கூறு சுற்றுச்சூழலைக் காக்குமாறு அரசைப் பணிக்கின்றது. 51அ கூறு ஆறு, ஏரி, காடு ஆகியவற்றைக் காத்தலைக் குடிமக்கள் ஒவ்வொருவரின் கடமையாக்குகின்றது. உயிர்வாழும் உரிமை கூறும் 21-ஆம் கூற்றில் மாசற்ற நீரும் அடங்கும் என 1991-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆதலின் கழிவுநீரை ஆற்றில் விடுவோன் கீழேயுள்ளாரின் உயிருரிமையில் கை வைக்கின்றான்.

சட்டமிருந்தும் பயன் சிறிதாதல் உண்டு. 2003-ல் தமிழகத்தில் இயற்றிய நிலத்தடி நீர்ச் சட்டம் நடைமுறைக்கு வாராமலே 2013-ல் நீக்கப்பட்டது. எனவே எல்லாவற்றுக்கும் அதிகாரிகளை எதிர்நோக்கியிராமல், நம் சங்கமே முற்படல் வேண்டும்.

மேட்டு நிலத்தானுக்கும் நீர் வேண்டும், மறுப்பாரில்லை. அவன் முறைப்படி அனுமதி பெற்று, கடைமடை வாடாத அளவில் கொள்ளட்டும். நம் உறுப்பினர் எவரும் திருட்டுக் குழாய் வைப்பதில்லை, வீட்டுக் கழிவை வாய்க்காலில் விடுவதில்லை என்று உறுதி கொள்வோமாக. மடைச் சண்டை வருங்கால், நம் குலத்தான் என்பதற்காகக் குற்றத்தை மறைத்தல் குலத்துக்குப் பெருமை தருவதன்று. தலைமடையில் ஒரு குலத்தார், கடைமடையில் மற்றொரு குலத்தார். நீரோ அவ்வேற்றுமை அறியாது.

மேலேயுள்ளவன் கீழேயுள்ளவனுக்குரிய நீரைத் தடுத்தல் அறமன்று என்று கேரளத்தாரை நோக்கி நாம் வாதிட்டோம். அதே சொல்லை நம் கடைமடைக் குடியானவன் நம்மை நோக்கிக் கூறுவானாயின் என்ன விடை கூறுவோம்? அவ்விடையை ஒவ்வொருவரும் தத்தம் வயல்வரப்பில் நின்று தேர்ந்துகொள்ளுமாறு வேண்டுகின்றோம்.