சிடி மேல ஸ்டிக்கர் ஒட்டாதீங்க, ஒட்டினதை உரிக்காதீங்க

இந்த வாரம் கொஞ்சம் பழைய டெக்னாலஜி பக்கம் போறோம். சிடி, டிவிடி. "இப்ப யாருங்க டிஸ்க் யூஸ் பண்றாங்க, லேப்டாப்லயே டிரைவ் கிடையாதே"ன்னு நீங்க நினைக்கிறது புரியுது. ஆனா வீட்டு பீரோவை ஒரு தடவை திறந்து பாருங்க. பட்டுப் புடவைக்கு அடியிலயோ, பழைய பாஸ்புக் எல்லாம் இருக்கிற டப்பாவுலயோ ஒரு டிஸ்க் கண்டிப்பா இருக்கும். அம்மா அப்பா கல்யாணம், அக்கா வளைகாப்பு, உங்க முதல் பிறந்தநாள். மேல வட்டமா ஒரு பேப்பர் ஸ்டிக்கர். அதுல போட்டோ, ரோஜாப்பூ பார்டர், தங்கக் கலர் எழுத்துல தேதி.

அம்மா அப்பா கல்யாணம் 90-கள்ல நடந்திருந்தா, அது முதல்ல விஎச்எஸ் கேசட்ல இருந்திருக்கும். அப்புறம் ஒரு நாள் அதை டிஸ்க்குக்கு மாத்தியிருப்பாங்க. "அதான் சிடியில போட்டாச்சே"ன்னு கேசட்டைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டிருப்பாங்க. அதாவது, அந்த டிஸ்க்தான் இப்ப உலகத்துலயே ஒரே காப்பி. அந்தக் காப்பிக்கு வர்ற பெரிய ஆபத்துகள்ல ஒண்ணு, அழகுக்காக மேல ஒட்டின அந்த ஸ்டிக்கர்.

டேட்டா எங்க இருக்கு?

நம்ம எல்லாரும் டிஸ்க்கோட அடிப்பக்கத்தை, அந்த மின்னுற பக்கத்தை, ரொம்பப் பத்திரமா பாத்துக்குவோம். விரல் படக்கூடாது, கீறல் விழக்கூடாது. மேல் பக்கத்தை யாரும் கண்டுக்கறதில்லை. சிடியைப் பொறுத்தவரைக்கும் இது அப்படியே தலைகீழ்.

ஒரு சிடியோட தடிமன் 1.2 மில்லிமீட்டர். அதுல கிட்டத்தட்ட முழுசும் பாலிகார்பனேட்ங்கிற கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக். லேசர் அடியிலேர்ந்து கிளம்பி, இந்த பிளாஸ்டிக்கைத் தாண்டி மேல வந்துதான் டேட்டாவைத் தொடுது. நம்ம வீட்டுல பர்ன் பண்ற சிடி-ஆர்ல, பிளாஸ்டிக்குக்கு மேல ஒரு சாயப் பூச்சு இருக்கும். பர்ன் பண்றதுன்னா இந்தச் சாயத்துல லேசர் சூடு வச்சு அடையாளம் போடறதுதான். அதுக்கு மேல ஒளியைத் திருப்பி அனுப்ப வெள்ளி மாதிரி ஒரு மெல்லிய உலோகப் படலம். அதுக்கு மேல சில மைக்ரான் கனத்துல ஒரு லாக்கர் பூச்சு. அவ்வளவுதான். அதுக்கு மேல நேரா உங்க ஸ்டிக்கர்.

அடியில கீறல் விழுந்தா பெரும்பாலும் சமாளிக்கலாம், ஏன்னா டேட்டா அங்கேர்ந்து ஒரு மில்லிமீட்டருக்கு மேல தள்ளி இருக்கு. மேல் பக்கம் ஆழமா கீறினா, அந்த இடத்துல டேட்டாவே போயிடும்.

நம்பிக்கை வரலைன்னா, வேணாம்னு ஒதுக்கின ஒரு சிடி-ஆர் எடுங்க. மேல் பக்கம் ஊசியால ஒரு கோடு போடுங்க. அந்தக் கோட்டு மேல செல்லோடேப்பை அழுத்தி ஒட்டி, சரக்குனு இழுங்க. வெள்ளிப் படலம் டேப்போட வந்துடும். கையில மிச்சம் இருக்கிறது வெறும் பிளாஸ்டிக். ஸ்டிக்கரை உரிக்கிறதும் இதேதான். பேப்பரோட சேர்ந்து கல்யாணமும் வந்துடும்.

"டிவிடி-க்கு அந்தப் பிரச்சினை இல்லையே?"

சரியான கேள்வி. டிவிடி-ங்கிறது 0.6 மில்லிமீட்டர் தட்டு ரெண்டை ஒட்டி வச்சது. டேட்டா நடுவுல பத்திரமா இருக்கு. அதனால ஸ்டிக்கரை உரிச்சா உலோகப் படலம் நேரா வந்துடாது. ஆனா இழுக்கிற இழுப்புல அந்த ரெண்டு தட்டும் விலக வாய்ப்பு இருக்கு. ஸ்டிக்கரை உரிக்காம விட்டாலும் இன்னொரு தொல்லை: வளைவு.

பேப்பர் ஈரத்தை இழுத்தா விரியும், காய்ஞ்சா சுருங்கும். பிளாஸ்டிக் அந்த அளவுக்கு மாறாது. சென்னையில நவம்பர் மழைக்கும் மே வெயிலுக்கும் நடுவுல அந்த பீரோ என்ன பாடுபடும்னு உங்களுக்கே தெரியும். வருஷக்கணக்கா ஒரு பக்கம் மட்டும் இழுத்துக்கிட்டே இருந்தா, தட்டு லேசா வளையும். கண்ணுக்குத் தெரியாது, லேசருக்குத் தெரியும். சிடியில ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் இடைவெளி 1.6 மைக்ரான். டிவிடி-யில 0.74 மைக்ரான்தான். பாதிக்கும் கம்மி. அதனால கொஞ்சம் சாய்ஞ்சாலும் டிவிடி-யைப் படிக்க முடியாம போகும்.

டிஸ்க் உள்வட்டத்துல ஆரம்பிச்சு வெளிப்பக்கமா ஓடும். வளைவு அதிகமா இருக்கிறது வெளி ஓரத்துல. அதனாலதான் இந்த மாதிரி டிவிடி எல்லாம் ஆரம்பத்துல ஜம்முனு ஓடி, கடைசியில திக்கும். நம்ம கல்யாண வீடியோல முதல்ல வர்றது முந்தின நாள் ரிசப்ஷன். முகூர்த்தம் அதுக்கப்புறம். வரிசையில நின்னு கவர் குடுத்தவங்க எல்லாரும் தெளிவா வருவாங்க. தாலி கட்டுற நேரத்துல படம் கட்டம் கட்டமா நின்னுடும்.

மூணாவது விஷயம், எடை. 52 எக்ஸ் டிரைவ்ல சிடி நிமிஷத்துக்கு சுமார் 10,000 சுத்து சுத்தும். அந்த வேகத்துல ஸ்டிக்கர் ஒரு மில்லிமீட்டர் தள்ளி ஒட்டியிருந்தாலே டிரைவ் அதிரும். மிக்ஸி ஓடற மாதிரி சத்தம் வரும். பாதி டிஸ்க்குக்கு மட்டும் ஒட்டற சின்ன ஸ்டிக்கர் இன்னும் மோசம். டிரைவ் சூட்டுல பசை இளகி ஓரம் தூக்கிக்கிட்டா, டிஸ்க் உள்ளேயே மாட்டிக்கும். கார் ஸ்டீரியோ மாதிரி, தட்டு வெளிய வராம நேரா உள்ள இழுத்துக்கிற டிரைவ்ல இது இன்னும் சுலபமா நடக்கும்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவோட என்ஐஎஸ்டி நிறுவனம் 2003-லயே நூலகங்களுக்கும் ஆவணக் காப்பகங்களுக்கும் ஒரு கையேடு போட்டாங்க. ஃப்ரெட் பயர்ஸ் எழுதினது. நீண்ட காலம் வைக்கிற டிஸ்க்குல ஸ்டிக்கர் வேணாம், ஒட்டியிருந்தா உரிக்க வேணாம்னு அதுல தெளிவா இருக்கு.

காப்பி எடுக்கிறது எப்படி?

ஆபீஸ்ல நண்பன் ஒருத்தன் இப்படி ஒரு டிஸ்க் கொண்டு வந்தான். அவங்க தாத்தா பேசுற ஒரே வீடியோ. "மச்சி, ஸ்டிக்கரை உரிச்சா ஓடுமாடா?"ன்னு கேட்டான். நகத்தால ஓரத்தை ஏற்கெனவே லேசா தூக்கியிருந்தான். நாங்க செஞ்சதை அப்படியே சொல்றேன்.

முதல்ல, தூக்கியிருந்த ஓரத்தை மெதுவா அழுத்திப் படிய வச்சோம். அடிப்பக்கத்தை மெத்துனு இருக்கிற துணியால நடுவுலேர்ந்து ஓரத்துக்கு நேர்கோட்டுல துடைச்சோம். வட்டமா துடைக்கக்கூடாது. தடத்தோட போக்குலயே கீறல் விழுந்தா டிரைவால திருத்திப் படிக்க முடியாது. தண்ணில ஊற வைக்கிற வேலையே வேணாம்.

அடுத்து, தட்டு வெளிய வர்ற மாதிரி ஒரு யுஎஸ்பி டிரைவ். லினக்ஸ்ல ஈஜெக்ட் கமாண்டை வச்சே படிக்கிற வேகத்தைக் குறைக்கலாம். வேகம் குறைஞ்சா அதிர்வு குறையும். அப்புறம் ஃபைலை இழுத்துப் போட்டு காப்பி பண்ணாம, டிடிரெஸ்க்யூன்னு ஒரு இலவச டூலை ஓட்டினோம். சாதாரண காப்பி, படிக்க முடியாத இடம் வந்தா எரர் சொல்லி நின்னுடும். டிடிரெஸ்க்யூ முதல்ல நல்லா இருக்கிற பகுதியை எல்லாம் எடுத்துட்டு, மோசமான இடத்துக்குக் கடைசியில திரும்பி வரும். எது எடுத்தாச்சு, எது பாக்கின்னு ஒரு மேப் ஃபைல்ல எழுதி வைக்கும். அதனால அதே டிஸ்க்கை வேற டிரைவ்ல போட்டு, விட்ட இடத்துலேர்ந்து தொடரலாம். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொண்ணு படிக்கிறது சகஜம். எங்களுக்கு ரெண்டாவது டிரைவ்லதான் மிச்சம் வந்தது. நடுவுல சில நொடி உடைஞ்சிருக்கு. தாத்தா குரல் முழுசா இருக்கு.

உங்களுது டிவிடி இல்லாம பழைய விசிடி-யா இருந்தா, அதோட அமைப்பு வேற. அதை விஎல்சி-யில திறந்து, கன்வர்ட் ஆப்ஷன்ல ஃபைலா சேவ் பண்ணிக்கங்க. எதுவா இருந்தாலும் ரெண்டு இடத்துல வைங்க. ஒண்ணு ஹார்ட் டிஸ்க், ஒண்ணு கிளவுட்.

புதுசா டிஸ்க் பண்றவங்களுக்கு

பாட்டி வீட்டு டிவிடி பிளேயருக்கோ, ஃப்ரெண்ட்ஸ் பேண்டோட ஆல்பத்துக்கோ இன்னும் டிஸ்க் பண்றவங்க இருக்காங்க. அவங்களுக்கு என் வரிசை இது.

முதல் சாய்ஸ், பிரிண்டபிள் டிஸ்க். மேல் பக்கம் வெள்ளையா, இங்க்ஜெட் மை பிடிக்கிற மாதிரி வரும். எப்சன் எல்805 மாதிரி டிஸ்க் தட்டு இருக்கிற பிரிண்டர்ல நேரா அச்சடிக்கலாம். பேப்பரும் இல்லை, பசையும் இல்லை. எச்பி கொண்டு வந்த லைட்ஸ்கிரைப், டிஸ்க்கைத் திருப்பிப் போட்டு லேசராலயே படம் வரையும். நல்ல ஐடியா, ஆனா இப்ப டிஸ்க்கே கிடைக்காது.

ரெண்டாவது, கையெழுத்து. தண்ணி மை மார்க்கர் வாங்கி, நடு ஓட்டையைச் சுத்தி இருக்கிற கண்ணாடி வளையத்துல எழுதுங்க. அங்க டேட்டாவே கிடையாது.

ஸ்டிக்கர்தான் வேணும்னா, வேற காப்பி இருக்கிற டிஸ்க்குக்கு மட்டும் ஒட்டுங்க. முதல்ல பர்ன் பண்ணி ஓட்டிப் பாத்துட்டு, அப்புறம்தான் ஒட்டணும். 117 மில்லிமீட்டர் முழு வட்ட லேபிளா வாங்குங்க. பிரிண்ட் பண்றப்ப "ஃபிட் டு பேஜ்" ஆஃப்ல இருக்கட்டும். முதல்ல சாதா பேப்பர்ல அடிச்சு, லேபிள் ஷீட்டோட சேர்த்து வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, வட்டம் வட்டத்து மேல உக்காருதான்னு. இங்க்ஜெட் ஷீட்டை லேசர் பிரிண்டர்ல விடாதீங்க, உள்ள சூட்டுல உருகி ஒட்டிக்கும். மை நல்லா காயட்டும். நடுவுல கம்பி வச்ச அப்ளிகேட்டர்ல லேபிளைப் பசை மேல பாக்கிற மாதிரி வச்சு, டிஸ்க்கைக் கவுத்துப் போட்டு ஒரே அழுத்து. அப்புறம் துணியால நடுவுலேர்ந்து வெளிப்பக்கமா தேய்க்கணும். கோணலா ஒட்டிக்கிச்சா? விட்டுடுங்க. உரிச்சு நேராக்காதீங்க. இன்னொரு டிஸ்க் பர்ன் பண்ணிக்கலாம்.

இந்த வார வேலை உங்களுக்கு ஒண்ணே ஒண்ணுதான். வீட்டுல கேளுங்க: "அம்மா, கல்யாண சிடி எங்க வச்சிருக்க?" எடுத்து, ஸ்டிக்கர்ல கை வைக்காம, காப்பி எடுங்க. அந்த ரோஜாப்பூ பார்டர் அங்கேயே இருக்கட்டும், அதுவும் அந்தக் காலத்து ஞாபகம்தானே. அடுத்த வாரம் பாக்கலாம்.