பிள்ளைக்குப் பக்கத்து இருக்கை

டிசம்பர் பள்ளி விடுமுறைக்குத் திருச்சிக்கோ சென்னைக்கோ டிக்கெட் எடுக்க சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைப் பக்கம் போகிறீர்களா? ஒரு தகவல்.

12 வயது வரையிலான பிள்ளைக்கு, உடன் வரும் தாய் தந்தையரில் ஒருவர் பக்கத்திலாவது இடம் தர வேண்டும் என்று 2024 ஏப்ரலில் இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விமான நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. ஆனால் பிள்ளையும் அந்தப் பெற்றோரும் ஒரே முன்பதிவு எண்ணில் இருக்க வேண்டும். பெற்றோருக்கு ஒரு நாள், பிள்ளைக்கு மறுநாள் என்று மலிவு பார்த்து டிக்கெட்டைத் தனித்தனியாக வாங்கினால், நீங்கள் ஒரே குடும்பம் என்பது கணினிக்குத் தெரியாது.

கைக்குழந்தை விஷயம் வேறு. ஒரு பக்க வரிசையில் மூன்று இருக்கை என்றால், பிராணவாயு முகமூடி பெரும்பாலும் நான்குதான். அதனால் மடிக்குழந்தைகள் இருவர் ஒரே வரிசையின் ஒரே பக்கத்தில் அமர முடியாது. இரட்டைக் குழந்தை என்றால் அம்மா இந்தப் பக்கம், அப்பா அந்தப் பக்கம். அவசர வழி வரிசையும் பிள்ளைகளுக்குக் கிடையாது.

இடம் பிரிந்திருந்தால் விமானத்தில் ஏறியபின் அடுத்தவரைக் கெஞ்சாதீர்கள். சாங்கி விமான நிலையத்துக்குச் சீக்கிரமே போய், பெட்டி போடும் முகப்பிலேயே கேட்டுவிடுங்கள்.