நாற்பத்தைந்து வயதில் ஏன் கேட்கிறார்கள்?

(ஆண்டு விழாவில், பணி நிறைவு பெற்ற கிராம சுகாதார செவிலியர் ஆற்றிய உரை)

ஊசி போட வந்த நர்சம்மாவைப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். பயப்படாதீங்க, இன்னைக்கு ஊசி கிடையாது.

முதுமையைப் பற்றிப் பேசப்போகிறேன். உடனே பாட்டிமார் பக்கம் திரும்பாதீங்க. நாற்பது, ஐம்பது வயதில் இருக்கும் உங்களைப் பற்றித்தான் பேச்சு.

2017, 2018-ல் நம் நாட்டில் முதுமை பற்றி ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. லாசி என்பார்கள். மும்பையில் உள்ள மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் நடத்தியது. 72,000 பேருக்கு மேல். அதில் தமிழ்நாடும் உண்டு. வீடு தேடிப் போய் பிரஷர் பார்த்தார்கள், கைப்பிடி பலம் அளந்தார்கள், பத்துச் சொல்லைச் சொல்லி ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார்கள். வருமானம், கடன், பிள்ளைகள் எல்லாம் கேட்டார்கள். 45 வயதிலிருந்தே கேட்டார்கள்.

வயசானவங்க ஆய்வுக்கு 45 வயசு ஆள் எதுக்கு? சர்க்கரையும் பிரஷரும் அறுபதாவது பிறந்தநாள் பார்த்தா வருது? அதோடு, நாம் நம் அம்மா மாதிரி கிழவியாகப் போவதில்லை. அம்மாவுக்கு ஆறு பிள்ளைகள். யாராவது ஒருத்தர் ஊரில் இருந்தார்கள். நமக்கு ரெண்டு. ஒண்ணு திருப்பூர், ஒண்ணு சென்னை. ஆனா அம்மா கைநாட்டு. நமக்குப் பாஸ்புக் இருக்கு. இன்றைய பாட்டிகளை மட்டும் பார்த்துவிட்டு நமக்குத் திட்டம் போட்டால், அம்மாவோட அளவு ஜாக்கெட்டைக் கொடுத்து நமக்குத் தைக்கச் சொன்ன கதைதான்.

அமெரிக்காவில் 1992 முதல் இப்படி ஓர் ஆய்வு ஓடுகிறது. ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை அதே ஆட்களைக் கேட்கிறார்கள். ஆறு வருஷத்துக்கு ஒருமுறை, புதிதாக ஐம்பதைத் தொட்டவர்களைச் சேர்க்கிறார்கள். அங்கே அரசே பணம் தருகிறது. நம் ஆய்வுக்கு மத்திய சுகாதார அமைச்சகத்தோடு அமெரிக்க அரசின் முதுமை ஆய்வு நிறுவனமும், ஐ.நா. மக்கள்தொகை நிதியமும் பணம் கொடுத்தன. உதவி வரட்டும். ஆனால் நம்ம ஊர்க் கிழவிகளின் கணக்குக்கு வெளியூர்ப் பணத்தை நம்பியிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

"அந்தக் காசுல ஆஸ்பத்திரி கட்டலாமே நர்சம்மா" என்று ஓர் அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. கட்டலாம். மூட்டுவலிக்கா, மறதி நோய்க்கா, தனியாக இருப்பவர்களுக்கா, எத்தனை படுக்கை என்று யார் சொல்வது? ஒருமுறை பிரஷர் பார்த்தால் அது அன்றைய பிரஷர், அவ்வளவுதான். வருஷக்கணக்கில் பார்த்தால்தான் போக்கு தெரியும். 25 வருஷம் தொடரத்தான் லாசியைத் திட்டமிட்டார்கள். நடுவில் பணம் நின்றால், சந்தா நின்ற குழு மாதிரி, நோட்டு மட்டும் மிஞ்சும்.

இப்படிக் கேட்டு வந்தால் அடையாள அட்டை பாருங்க. பிடிக்காத கேள்விக்குப் பதில் வேண்டாம். ரத்தம் எடுக்கச் சம்மதிப்பதும் உங்க இஷ்டம். ஓடிபி கேட்டா கதவைச் சாத்துங்க. மத்தபடி, "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்று மூட்டுவலியை மறைக்காதீங்க. "வீட்ல சும்மாத்தான்" என்றும் சொல்லாதீங்க. மாடு, வயல், மாமியார், பேரப்பிள்ளை எல்லாத்தையும் எழுதச் சொல்லுங்க.

இந்த ஆய்வுக்கு அரசு தன் பணத்தில் தொடர்ந்து நிதி ஒதுக்க வேண்டும் என்று இன்று ஒரு தீர்மானம் போடுவோம். செயலாளரம்மா, தீர்மான நோட்டில் எழுதிக்கோங்க.