இளவேனிலில் மத்தியதரைக் கடற்கரைச் செலவு
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற திங்களில் நம் அங்கத்தினர் சிலர் என் இல்லம் போந்து, "பதினாறு நாளில் ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளைக் காட்டுவதாக ஒரு விளம்பரத் தாள் வந்திருக்கிறது. கடற்கரை நகரங்களும் அதில் உள. முன்பணம் கட்டலாமா?" என்று வினவினர். அவருள் இருவர் இவ்வாண்டு உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்றவர். ஒருவர் தம் மனைவியாரின் நெடுநாளைய ஆசைக்கென்று சீட்டுக் கட்டிச் சேர்த்த தொகையைக் கையில் வைத்திருப்பவர். வாழ்நாளில் ஒருமுறையே கூடுவதாகிய காரியத்திற்கு வாயிற்படியில் நின்று விடை கூறுதல் முறையன்று. யானும் என் மனையாளும் முன்னர் ஒரு விடுமுறையில் அக்கரையில் நான்கு வாரம் தங்கி வந்தோமாதலின், அறிந்தவற்றை இம்மன்றத்தில் விரித்துரைக்க இசைந்தேன்.

செலவு என்னும் சொல் பண்டைத் தமிழில் வழிச்செல்லுதலைக் குறித்தது. இன்று பணம் செல்லுதலைக் குறிக்கின்றது. இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்தும் இடம் வெளிநாட்டு யாத்திரையைப்போல் வேறொன்று இல்லை. ஆதலின் முதற்கண் கணக்கையே பார்ப்போம். பதினாறு நாளில் போக்கும் வரவுமாக இரண்டு நாள் ஆகாய விமானத்திற் கழியும். ஒன்பது நாடு காணவேண்டின் எட்டு முறை நாடு மாறல் வேண்டும். மூட்டை கட்டுதல், வண்டியேறுதல், விடுதியில் அறை கிடைக்கும்வரை காத்திருத்தல் ஆகியவற்றிற்கு முறைக்கு அரைநாள் என்று குறைத்துக் கொள்ளினும் நான்கு நாள் போயிற்று. எஞ்சியவை பத்து நாள், நாடுகளோ ஒன்பது. ஒரு நாட்டிற்கு ஒரு பகலும் சிறிது மிச்சமும் கிடைக்கும். அம்மிச்சத்தையும் கடைகளிற் கொண்டுபோய் நிறுத்துவர். தனித்துச் செல்ல அஞ்சுவோர்க்கு இத்தகைய கூட்டுப் பிரயாணம் ஒரு துணையாதலை யான் மறுக்கவில்லை. ஆயினும் கடற்கரையைக் காணவேண்டும் என்பதே விருப்பமாயின், அதற்கு வழி வேறு.

ஒரே கரை, ஒரே இருப்புப்பாதை, ஐந்தே தங்குமிடம், இருபத்தெட்டு இரவு: இதுவே என் திட்டம். பிரான்சின் மார்செய்யில் தொடங்கி, நீஸ், ஜெனோவா, லெவாந்தோ ஆகிய ஊர்களில் தங்கி, இத்தாலியின் நேப்பிள்சில் முடித்தல். விமானச் சீட்டு வாங்கும்போதே இறங்குவது மார்செய், ஏறுவது நேப்பிள்ஸ் என்று வாங்கிவிட்டால், போன வழியே மீளும் நாளும் பொருளும் மிச்சம்.

இனிக் காலம். நம் நூல்கள் சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று வகுத்தன. பெயர் இளவேனிலாயினும் அப்பொழுது நம் ஊரில் வெயில் எத்தகையது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. அதே சித்திரை வைகாசியில் அக்கரையில் மெய்யாகவே இளவேனில். நம் பள்ளி விடுமுறையும் அப்பொழுதே வருகின்றது. ஒன்று மட்டும் அறிந்துகொள்க: கடல் நிலத்தைப்போல் விரைவிற் சூடேறாது. ஏப்ரல் இறுதியில் அந்நீர் பதினைந்து, பதினாறு பாகை அளவிலேயே நிற்கும். இராமேசுவரத்திற் குளிப்பதுபோற் குளிக்கலாம் என்று எண்ணிச் செல்வோர் கணுக்கால் நனைத்து மீள்வர். நீராடுதலே நோக்கமாயின் செப்டம்பரிற் செல்லுதல் நன்று. நடந்து காணுதல் நோக்கமாயின் இளவேனிலே சிறந்தது.

மார்செய்யில் எதிர்ப்படுவது ஒரு காற்று. மிஸ்திரால் என்பது அதன் பெயர். ஆல்ப்ஸ் மலைக்கும் நடுப்பிரான்சின் மேட்டு நிலத்திற்கும் இடையேயுள்ள ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியாக வடக்கிலிருந்து நெருக்குண்டு பாய்வது, குளிர்ந்தது, உலர்ந்தது. குளிர்காலத்திலும் இளவேனிலிலும் மிகுதி. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேலும் வீசுவதுண்டு. வானம் பளிங்குபோல் தெளிந்திருக்கக் கண்டு மெல்லிய சட்டையோடு வெளிவந்தவர் பல் நடுங்க உள்ளே ஓடுவர். தடித்த மேலாடை ஒன்று கையில் இருத்தல் வேண்டும். கிழக்கே செல்லச் செல்ல மலை கடலை நெருங்கிக் காற்றைத் தடுக்கும். நீசுக்கும் அப்பாலுள்ள மாந்தோன் எலுமிச்சைக்குப் பெயர்பெற்ற காரணம் அதுவே.

நாட்களை வகுப்பதில் அவ்விரு நாட்டு விடுமுறைகளையும் பஞ்சாங்கம் பார்ப்பதுபோற் பார்த்தல் வேண்டும். ஏப்ரல் 25 இத்தாலியில் விடுதலை நாள். மே 1 இரு நாட்டிலும் தொழிலாளர் நாள். பிரான்சில் அன்று பல ஊர்களில் நகரப் பேருந்தும் ஓடாது. மே 8 பிரான்சில் போர் முடிந்த நாள். ஜூன் 2 இத்தாலியின் குடியரசு நாள். மே மாத நடுவில் கான் நகரத்துத் திரைப்பட விழாவை முன்னிட்டு நீஸ் வரையில் அறை வாடகை ஏறிவிடும். ஆதலின் ஏப்ரல் 25 அன்று மார்செய் சேர்ந்து ஐந்து இரவு தங்குக. 30 அன்று நீசுக்குப் பெயர்ந்து ஏழு இரவு. மே 7 அன்று ஜெனோவாவிற்குப் போய் ஆறு இரவு. 13 அன்று லெவாந்தோவில் நான்கு இரவு. 17 அன்று நேப்பிள்ஸ், ஆறு இரவு. 23 அன்று விமானம். இவ்வாறு வகுப்பின் இத்தாலியர் கூட்டங்கூடும் நாட்களிற் பிரான்சில் இருப்போம். பிரெஞ்சுக்காரர் ஊர்வலம் புறப்படும் மே 8-க்கு முந்திய நாளில் எல்லை கடந்திருப்போம். திரைப்பட விழாவும் நமக்குப் பின்னே நிகழும்.

விசா என்னும் அனுமதியும் இவ்விரவுக் கணக்கைப் பற்றியே நிற்கின்றது. 1985-இல் ஷெங்கன் என்னும் ஊரில் தோன்றிய உடன்படிக்கையால் இவ்விரு நாட்டிற்கும் ஒரே அனுமதி போதும். ஆனால் மனுவை எந்த நாட்டினரிடம் கொடுப்பது? எங்கு மிகுதியாகத் தங்குகின்றோமோ அந்நாட்டினரிடம். நம் திட்டத்திற் பிரான்சு பன்னிரண்டு இரவு, இத்தாலி பதினாறு இரவு. எனவே இத்தாலிக்கே மனுச் செய்தல் வேண்டும். இரண்டும் சமமாயின் முதலில் இறங்கும் நாட்டிற்கு. நீசில் இன்னும் நான்கு நாள் இருப்போம் என்று பின்னர் மாற்றிக்கொள்வோர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை. புறப்படும் நாளுக்கு ஆறு மாதம் முன்னதாகவே மனுக் கொடுக்கலாம். பதினைந்து நாளுக்குக் குறையக் கூடாது. ஐப்பசியிலேயே தொடங்குவோர்க்கு நேர்காணும் நாள் எளிதிற் கிடைக்கும். பங்குனியில் ஓடுவோர் கலங்குவர். 2024 ஜூன் முதல் கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவிற்குக் குறையாத மருத்துவக் காப்பும் வேண்டும். முதியோரை அழைத்துச் செல்வோர் அக்காப்புத் தாளைப் படித்து, முன்னரே உள்ள நோய்கள் அதில் அடங்குமா என்று அறிந்து கையெழுத்திடுக. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உடையவர் நம்மில் பலர். மேலும் 2025 அக்டோபர் 12 முதல், கடவுச்சீட்டில் முத்திரை குத்துதற்கு மாறாக விரல் ரேகையும் முகப்படமும் பதியும் முறை எல்லைகளிற் படிப்படியாகப் புகுத்தப்பட்டது. அதனால் வரிசை நீளும். பாரிசில் விமானம் மாறி மார்செய் செல்வோர் அம்மாற்றத்திற்கு மூன்று மணி நேரமாவது விட்டுவைத்தல் நன்று.

மார்செய் கி.மு. 600 அளவில் யவனர் அமைத்த துறை. 1914 செப்டம்பரில் முதல் உலகப் போருக்கென்று சென்ற இந்தியப் படைகள் இறங்கியதும் இங்கேதான். நீஸ் 1860-இற்றான் பிரான்சுக்குரியதாயிற்று. அதன் கரை மணலன்று, கூழாங்கல். வெறுங்காலால் நடக்க நம் பாதம் பழகியதெனினும் அக்கல்லில் நோகும். இவ்வூரில் ஏழு இரவு வைத்ததற்குக் காரணம், இங்கிருந்து ஆந்திப், மொனாக்கோ, மாந்தோன் ஆகியவற்றைப் புகைவண்டியிற் காலையிற் சென்று கண்டு மாலையில் அறைக்கு மீளலாம் என்பதே. மூட்டையைக் கட்டாமல் மூன்று ஊர் காண்பதன் சுகம் கட்டியவர்க்கே தெரியும்.

உணவைப்பற்றிப் பெண்டிர் பலர் வினவினர். புலால் உண்ணாதார் அங்கு என் செய்வர் என்பது அவர் கவலை. அக்கரை முழுவதும் கடலை மாவு நம்மைத் தொடர்ந்து வரும் என்று யான் கூறினால் நம்புவீர்களா? மார்செய்யில் அம்மாவைக் களியாகக் கிண்டி ஆறவைத்து, துண்டமிட்டு எண்ணெயிற் பொரிக்கின்றனர், பானீஸ் என்பர். நீசில் அதனை நீர்க்கக் கரைத்து, ஒலிவ எண்ணெய் வார்த்த பெருந்தட்டிற் பரப்பி விறகடுப்பில் வேகவைத்து, மிளகுப் பொடி தூவித் தருகின்றனர், சொக்கா என்பர். ஜெனோவாவில் அதுவே பரினாத்தா. என் மனையாள் நீசில் முதல் விள்ளலை வாயிலிட்டதும், "இஃது அடையேயன்றி வேறென்ன? உப்பு மட்டும் ஒரு கல் குறைவு" என்றாள். ஜெனோவாவின் பெஸ்தோ என்பது நம் திருநீற்றுப் பச்சிலைக்கு இனமான தழையைப் பூண்டும் பைன் பருப்பும் பாலாடைக் கட்டியும் சேர்த்தரைத்த துவையல். ஒன்றில் விழிப்பு வேண்டும்: நெத்திலி மீனைத் தெரியாதபடி குழம்பிலும் ரொட்டியின் மேலும் கரைத்துவிடும் வழக்கம் அங்கு உண்டு. கேட்டே வாங்குக. சமையலறையோடு கூடிய வீட்டை எடுத்தால், சந்தையிற் காய் வாங்கி இரவில் ஒரு குழம்பும் சோறும் ஆக்கிக்கொள்ளலாம். பகலுணவு பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் இடையே, அதன்பின் அடுப்பணைத்துவிடுவர்.

நீசிலிருந்து ஜெனோவா செல்லும் வழியில் எல்லையூராகிய வெந்திமில்யாவில் வண்டி மாறல் வேண்டும். அப்பாலுள்ள சான்ரேமோப் பகுதியிற் கடலையொட்டிய பழைய பாதையை 2001-இல் கைவிட்டு மலையினுட் குடைந்து புதுப்பாதை அமைத்தனர். எனவே கடலைக் காணலாம் என்று சாளரத்தருகே அமர்ந்தோர் நெடுந்தூரம் இருளையே காண்பர். பழைய பாதை இப்பொழுது மிதிவண்டிச் சாலை. இத்தாலியிற் சிற்றூர் வண்டிகளுக்கு வாங்கும் தாட்சீட்டில், ஏறுமுன் நிலையத்துப் பொறியில் முத்திரை பதித்தல் வேண்டும். பணம் கொடுத்துச் சீட்டு வாங்கியும் முத்திரையின்மையால் தண்டம் இறுத்தோர் உளர். வேலைநிறுத்தம் அங்கு அடிக்கடி நிகழ்வது. முன்னரே அறிவித்தே செய்வர். வேலை நாட்களில் காலை ஆறு முதல் ஒன்பது வரையும், மாலை ஆறு முதல் ஒன்பது வரையும் குறித்த சில வண்டிகள் ஓடியே தீரும் என்பது விதி. ஊர் மாறும் நாளுக்கு மறுநாள் நுழைவுச் சீட்டு எதுவும் முன்கூட்டி வாங்காதிருப்பின், ஒரு வண்டி நின்றாலும் நெஞ்சு துடியாது.

லெவாந்தோவைத் தேர்ந்தது முழங்காலை எண்ணி. ஐந்து நிலம் எனப் பொருள்படும் சிங்குவே தெர்ரே என்னும் ஐந்து சிற்றூர்களுக்கு அது வாயில். அவ்வூர்கள் 1997-இல் உலக மரபுச் செல்வமாக ஏற்கப்பட்டவை. செங்குத்தான மலைச்சரிவில் சாந்தின்றிக் கல்லடுக்கி, வரப்பு வரப்பாகக் கொடிமுந்திரி வளர்த்த உழைப்பே அங்குக் காணத்தக்கது. ஐந்தனுள் கொர்னீலியா மலைமேல் உள்ளது. நிலையத்திலிருந்து முந்நூற்றுக்கு மேற்பட்ட படி. ஏனைய நான்கும் நிலையத்தையடுத்தே தொடங்கும். லெவாந்தோவிலோ நிலம் சமம். பழைய இருப்புப்பாதையின் குகைவழியே கடலோரமாக முதியோரும் மெல்ல நடந்து அடுத்த ஊர் சேரலாம். 2011 அக்டோபர் 25 அன்று பெய்த பெருமழையில் வெர்னாட்சாவும் மொந்தெரொஸ்ஸோவும் சேற்றில் மூழ்கின. இன்றும் பெருமழை எச்சரிக்கை வந்தால் மலைவழிகளை அடைத்துவிடுவர். அடைத்த வழியில் இளைஞர் துணிவு காட்டல் வேண்டா.

நேப்பிள்சை இறுதியில் வைத்தது தமிழ் படித்தவனுடைய பேராசை எனினும் ஒக்கும். யவனரின் கலங்கள் முசிறிக்கு வந்ததைச் சங்கச் செய்யுளிற் பாடம் நடத்துவோர் நாங்கள். அம்மிளகு செங்கடலும் நைல் ஆறும் கடந்து அலெக்சாந்திரியா சேர்ந்து இத்தாலிக்குச் சென்றது. அலெக்சாந்திரியாவின் கலங்கள் அக்காலத்தில் அணைந்த பெருந்துறை, நேப்பிள்சின் அருகிலுள்ள பொட்சுவோலி. அங்குப் பழைய அங்காடியின் கற்றூண்களில் ஆள் உயரத்திற்கு மேலே கடற்சிப்பிகள் துளைத்த வடு உளது. நிலம் ஒருகாலத்துக் கடலில் அமிழ்ந்து மீண்டும் எழுந்தமைக்கு அது சான்று. அந்நிலம் அண்மையாண்டுகளில் மறுபடியும் உயர்ந்து நடுக்கமும் கண்டமையால், பகலிற் சென்று வருக. தங்குவது நேப்பிள்சிலேயே ஆகுக. கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலிற் புதைந்த பொம்பேயியில், 1938-இல் இந்தியத் தந்தச் சிற்பம் ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. அணிகலன் பூண்ட நம் நாட்டுப் பெண்ணுருவம். ஒரு சாண் அளவினது. அது நேப்பிள்சு தொல்பொருட்சாலையில் இருக்கின்றது. அச்சாலைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. பொம்பேயிக்கு 2024 நவம்பர் முதல் நாளொன்றுக்கு 20,000 பேர்க்கே அனுமதி. சீட்டிற் பெயரும் பொறிப்பர். கடவுச்சீட்டில் உள்ள பெயரையே எழுத்துப் பிசகாமற் கொடுக்க. தந்தை பெயர் முன்னும் பின்னுமாக மாறுவது நம்மவர்க்கு எங்கும் தொல்லை.

பெட்டியைப் பற்றி ஒரு சொல். ஆளுக்கு ஒன்று; அதனை அவரவரே தூக்கி இரண்டு மாடி ஏறல் வேண்டும். பழநகர் வீடுகள் பலவற்றில் மின்தூக்கி இல்லை.

நாட்களும் இரவுக் கணக்கும் எழுதிய தாள் ஒன்றைச் சங்கக் காரியதரிசியிடம் கொடுத்துள்ளேன். விளம்பரத் தாளுக்கு முன்பணம் கட்டக் கருதியிருந்த அன்பர்கள் அதனையும் இதனையும் அருகருகே வைத்துப் பார்த்து, தம் இல்லத்தாரையும் கலந்து முடிவு செய்க. ஐப்பசி பிறக்குமுன் முடிவு தெரிந்தால், மனு எழுதுதற்கு ஞாயிற்றுக்கிழமைகளில் யான் உடனிருந்து உதவுவேன்.