மலையைக் காணும் கண்



தலவாக்கலையைக் கடக்கும் புகைவண்டியிலிருந்து வெளியூரார் எட்டிப் பார்த்து, "ஆகா, பச்சைக் கம்பளம்!" என்று வியப்பதை நாம் கேட்டிருக்கிறோம். அதே வேளையில் அம்மலையில் கொழுந்து பறிக்கும் நம் தாய்மார் எதைக் காண்கிறார்கள்? இக்கேள்வியே இன்று என் பேச்சின் பொருள்.

எட்மண்ட் ஹுசெர்ல் (1859–1938) தோற்றப்பாட்டியல் என்னும் தத்துவ நெறியை வகுத்தவர். ஒரு பொருளைப் பற்றிக் கேட்டறிந்த முடிவுகளை ஒருபுறம் வைத்துவிட்டு, அது நம் அனுபவத்தில் எவ்வாறு தோன்றுகிறதோ அவ்வாறே ஆராய்க என்பது அதன் சாரம். பிரெஞ்சு அறிஞர் மெர்லோ-போந்தி 1945இல் வெளியிட்ட நூலில், நாம் கண்ணால் மட்டுமன்றி உடல் முழுவதாலும் உலகை உணர்கிறோம் என்று விளக்கினார்.

இவ்வெண்ணம் நமக்கு முற்றிலும் அந்நியமன்று. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது. காதலர் மனநிலையை உரிப்பொருள் என்றது. குறிஞ்சியில் மலையும் மனமும் பிணைந்தே நிற்கின்றன.

இனி நம் தோட்டத்துக்கு வருவோம். பயணிக்குச் சரிவு ஒரு காட்சி. பறிப்பவருக்கோ அது பாதத்தில் தெரிகிறது. பனியின் ஈரம் இடுப்புப் படங்கில் தெரிகிறது. இலையின் பருவம் விரல் நுனியில் தெரிகிறது. பயணி பச்சை என்று ஒரே சொல்லில் முடிப்பதை அவர் கண் கொழுந்தென்றும் முற்றலென்றும் பிரித்தறிகிறது. கூடையின் பாரமும் அட்டைக் கடியும் அழகை அழித்துவிடுவதில்லை. ஆனால் அவற்றை மறைத்துச் சொல்லும் அழகு பாதி உண்மையே. மூடுபனி விலகி எதிர்மலை தோன்றும்போது, கை ஓயாமலே ஒரு கணம் நிமிர்ந்து பார்க்கிறாரே, அந்தப் பார்வை எந்த வழிகாட்டி நூலில் உள்ளது?

மடக்கும்புரத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை 1954இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' என்னும் கவிதை நூல் தோட்டத்தை உள்ளிருந்து கண்டது. அப்பணி அவரோடு முடிந்துவிடலாகாது.

இளைஞர்களே! "இங்கே குளிரும் அட்டையுமன்றி என்ன இருக்கிறது?" என்று நம்மிற் பலர் சொல்லிவிட்டுக் கொழும்புக்குப் பேருந்து ஏறுகிறோம். லயம் நிற்கும் நிலத்துக்கு உரிமைப் பத்திரம் இன்றும் நம்மவர் பலருக்கு இல்லை. அந்த உரிமையை நாம் கேட்கத்தான் வேண்டும். அதுவரை, நம் மலையைச் சொல்லும் உரிமையையும் பிறரிடம் விட்டுவிடலாமா? இன்று மாலை கொழுந்து நிறுத்துவிட்டு வரும் அம்மாவிடம், "இன்று மலை எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவர் சொற்களிலேயே எழுதி வையுங்கள்.