சில படங்களும் நமது அபிப்பிராயமும்

(கரக்பூரில் நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

   

"இந்த ஆண்டு விழாவில் நீங்கள் ஒரு கால்மணி நேரம் பேசவேண்டும்" என்று செயலாளர் நம்மைக் கேட்டுக்கொண்டபோது திகைத்துப்போனோம். இலக்கியம் பேச நமக்குப் படிப்பில்லை. பத்தாம் வகுப்புத் தேறியதோடு நம் கல்வி நின்றுவிட்டது. "அப்படியானால் சினிமாவைப் பற்றிப் பேசுங்கள், அதற்குப் படிப்பு வேண்டியதில்லை" என்றார் அவர். அது புகழ்ச்சியா இகழ்ச்சியா என்பது இன்றுவரை நமக்கு விளங்கவில்லை. ஆயினும் ஒப்புக்கொண்டோம். இன்றிரவு இம்மண்டபத்தில் காட்டவிருக்கும் படத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பையும் நம் தலையிலேயே கட்டிவிட்டார்கள். ஆகவே, அப்படத்தை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்பதற்கு ஒரு விளக்கமாகவும் இவ்வுரையைக் கொள்ளலாம். நாம் விமரிசகரல்லர். பார்த்தது, பிடித்தது, பிடிக்காதது, இவ்வளவே நாம் சொல்லக்கூடியது.

நம் தந்தையார் தஞ்சைத் தரணியிலிருந்து இங்குள்ள ரயில்வே பணிமனைக்குக் கலாசியாக வந்தவர். அவர் கொண்டுவந்த ஆஸ்திகளுள் தலையாயது 'பராசக்தி'யின் வசனம். 1952-ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்த அப்படத்தின் கதை வசன ஒலிநாடாவை அவர் எங்கோ வாங்கி, தேயும்வரை கேட்டார். நீதிமன்றக் காட்சி முழுவதும் அவருக்கு மனப்பாடம். காலையில் முகச்சவரம் செய்துகொண்டே உரத்த குரலில் அதை ஒப்புவிப்பார். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வங்காளி அம்மாள் நம் தாயாரிடம் வந்து, "வீட்டில் ஏதேனும் தகராறா?" என்று கவலையோடு விசாரித்ததுண்டு. நமக்குத் தமிழ் எழுத்தைக் கற்றுக்கொடுத்தவர் தாயார். தமிழ் ஓசையைக் கற்றுக்கொடுத்தது கலைஞர் கருணாநிதி எழுதி, சிவாஜி கணேசன் பேசிய அந்த ஒலிநாடா.

ஆனால் வளர்ந்தபின் படத்தையே பார்த்தபோது நமது அபிப்பிராயம் சற்று மாறிற்று. எல்லோரும் கொண்டாடும் நீதிமன்றக் காட்சியைவிட, ஆரம்பக் காட்சிகளே நம்மைப் பிடித்துக்கொண்டன. ரங்கூனிலிருந்து குணசேகரன் சென்னை வந்து இறங்குகிறான். சொந்த நாட்டில் காலெடுத்து வைத்த உடனேயே கைப்பொருள் அனைத்தும் பறிபோகிறது. வெளியூரில் வாழ்ந்துவிட்டு ஊருக்குப் போகிறவனை ஊர் எப்படி வரவேற்கும் என்பதை அறிய விரும்புவோர் அப்பகுதியைப் பார்த்தால் போதும். சென்ட்ரல் நிலையத்து வாசலில் ஆட்டோக்காரரிடம் நம் மொழியில் வாடகை பேசத் தொடங்கி, நமது உச்சரிப்பைக் கேட்டவுடன் அவர் தொகையை உயர்த்திய அனுபவம் இங்கே பலருக்கும் இருக்கும்.

பழைய படங்களெல்லாம் தங்கம், புதியவையெல்லாம் தகரம் என்று சொல்லும் பெரியவர்கள் இச்சபையில் உள்ளனர். அவர்களுடன் நாம் முழுவதும் உடன்படுவதற்கில்லை. திரைச்சீலையில் தீட்டிய மலையும், அடங்காப் பெண்ணைக் கன்னத்தில் அறைந்து திருத்தும் கதாநாயகனும் நமக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. அதே காலத்தில் 1964-இல் ஸ்ரீதர் எடுத்த 'காதலிக்க நேரமில்லை'யை எத்தனை முறை போட்டாலும் பார்ப்போம். பாலையாவுக்கு நாகேஷ் கதை சொல்லும் காட்சியில், சிரிக்க வைப்பவர் நாகேஷ் என்று சிறுவயதில் நினைத்திருந்தோம். நாற்பது வயதுக்குப் பிறகே, அங்கே வேலை முழுவதையும் செய்வது பாலையாவின் முகம் என்று கண்டுகொண்டோம். 1968-இல் வந்த 'தில்லானா மோகனாம்பா'ளிலும் அவரே. தவிலைச் சுமந்த அந்த மனிதர் இல்லாவிட்டால் சண்முகசுந்தரத்தின் கோபத்தை யாரால் பொறுத்துக்கொள்ள முடியும்?

நாம் ரயில்வேக்காரர்கள். ஆதலின் படத்தில் ரயில் வந்தால் நம் கண் கதையை விட்டுவிட்டு ரயிலின்மேல் போய்விடுகிறது. 1977-இல் பாரதிராஜா ஸ்டூடியோ மதிலைத் தாண்டிக் கிராமத்துக்குப் போய் எடுத்த '16 வயதினிலே' படத்தில், மயில் ரயில் நிலையத்தில் காத்திருக்கிறாள். ஒவ்வொரு வண்டியும் அவளுக்கு ஒரு நம்பிக்கை. 1982-இல் வந்த 'மூன்றாம் பிறை'யின் இறுதிக் காட்சி நீலகிரி மலைப்பாதையிலுள்ள கேத்தி நிலையத்தில் நடைபெறுகிறது. நினைவு திரும்பிய பெண், தன்னைக் காத்தவனை இன்னாரென்று அறியாமல், பிச்சைக்காரன் என எண்ணி உணவுப் பொட்டலத்தை வீசுகிறாள், வண்டி புறப்பட்டுவிடுகிறது. வண்டியைச் சரியான நேரத்துக்கு எடுத்தமைக்காக ஒரு நிலைய அதிபரை நாம் வைதது வாழ்நாளில் அந்த ஒருமுறைதான்.

மணிரத்னத்தின் 'மௌன ராகம்' 1986-இல் வந்தது. சென்னைப் பெண் மணமாகி, மொழி தெரியாத டில்லியில் வந்து வாழ்கிறாள். நம் காலனியில் வாழ்க்கைப்பட்டு வந்த மருமகள்களுக்கெல்லாம் அப்படத்தில் ஒரு பங்குண்டு. கடைசியில் கணவன் ஓடும் வண்டியில் ஏறி, அபாயச் சங்கிலியைப் பிடித்து இழுத்து மனைவியை மீட்கிறான். அரங்கமே கைதட்டும் இடம் அது. நமக்கு மட்டும், தக்க காரணமின்றிச் சங்கிலியை இழுப்பது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 141-ஆம் பிரிவின்படி ஓராண்டுவரை சிறை, அல்லது 1,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டுமே என்பது நினைவுக்கு வந்தது. மனைவியை மீட்பது தக்க காரணமா என்று நம் வீட்டாரைக் கேட்டோம். "உங்களுக்கு அதில் சந்தேகம் வேறா?" என்று பதில் வந்தது.

அலுவலகத்து வங்காளி நண்பர் ஒருவர் வற்புறுத்தியதால் சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யையும் (1955) பார்த்தோம். மொழி பாதிதான் புரிந்தது. அக்காளும் தம்பியும் நாணற்பூக் காட்டினூடே ஓடி, ரயிலைப் பார்க்கிறார்கள். துர்கா பூஜைப் பருவத்தில் நம் இருப்புப்பாதை ஓரத்திலும் அதே வெள்ளைப் பூக்கள்தான் பூக்கின்றன. நித்தமும் ரயிலின் சத்தத்திலேயே உறங்கி விழிக்கும் நமக்கு, ரயில் என்பது ஓர் அதிசயம் என்று அன்று அந்தப் பையன் காட்டிக்கொடுத்தான்.

இனி, நாம் இங்கு முக்கியமாகச் சொல்ல விரும்பிய படத்துக்கு வருவோம். நம் சிறுவயதில் ஞாயிறு பிற்பகல்களில் தூர்தர்ஷனில் மாநில மொழிப் படம் ஒன்று போடுவார்கள். ஒரு வாரம் மலையாளம், ஒரு வாரம் அஸ்ஸாமி, ஒரு வாரம் ஒரியா என்று வரும். தமிழின் முறை வருவதற்குள் காத்திருந்து கண் பூத்துவிடும். அப்படி வந்த ஒரு ஞாயிறன்று, நம் வீட்டு ஒற்றை அறையில் நாலு வீட்டார் கூடி அமர்ந்தோம். படம், பாலு மகேந்திராவின் 'வீடு' (1988). அரைமணி சென்றது. பாட்டு வரவில்லை, சண்டை வரவில்லை. "என்னடா படம் இது, பக்கத்து வீட்டு ஜன்னலை எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கிறதே!" என்றார் நம் தந்தையார். இரு வீட்டார் எழுந்து போய்விட்டனர்.

கதை இவ்வளவுதான். குடியிருக்கும் வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலையில், வேலைக்குப் போகும் ஒரு பெண் கடன் வாங்கி, சிறியதாய் ஒரு வீடு கட்ட முனைகிறாள். குத்தகைக்காரர் சிமெண்டைக் களவாடுகிறார். ஒவ்வோர் அங்குலச் சுவருக்கும் ஓர் அவமானம். அப்பெண்ணாக நடித்த அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. அதில் தாத்தாவாக வருபவர் பழம்பெரும் நாடக நடிகர் சொக்கலிங்க பாகவதர். பூச்சுக்கூடப் பூசாத அந்தக் கட்டடத்தைப் பார்க்க அவர் தன்னந்தனியே வருகிறார். சுவரைத் தொட்டுப் பார்க்கிறார். அறைக்குள் அறையாக நடக்கிறார். பேச்சே இல்லை.

அவ்விடத்தில் நம் தந்தையாரின் முகத்தைத் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தோம். பராசக்தி வசனத்தை ஒரு மூச்சில் சொல்லும் மனிதர், ஒரு சொல்லுமின்றி, வாயைத் துண்டால் மூடிக்கொண்டு அமர்ந்திருந்தார். மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு மனை வாங்கவேண்டும் என்று அவர் தாயாரிடம் சொல்வதை அதன்பின் பலமுறை கேட்டிருக்கிறோம். வாங்கவில்லை. பணியில் இருக்கும்போதே, ஓய்வுக்கு ஆறாண்டுகள் முன்னதாக அவர் காலமானார். கருணை அடிப்படையில் அவ்வேலை வரிசையில் நமக்கு இந்தக் குமாஸ்தா உத்தியோகம் கிடைத்தது.

இப்போது நாம் ஓய்வுபெறுவோரின் கணக்கை முடிக்கும் பிரிவில் இருக்கிறோம். மாதக் கடைசி நாளில் மாலையும் சால்வையுமாக வருவார்கள். மறுவாரம் மாலையின்றி வந்து, "பணிக்கொடை எப்போது கிடைக்கும்?" என்று கேட்பார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்த சான்று வந்தால்தான் அது கிடைக்கும். "காலி செய்துவிட்டு எங்கே போவது?" என்று அவர்கள் நம்மைக் கேட்பதில்லை, ஆயினும் அக்கேள்வி நம் மேசைமேல் கிடக்கிறது. 'வீடு' படத்தை நாம் ஐந்து முறை பார்த்திருப்பதற்குக் காரணம் வேறொன்றுமில்லை.

புதிய படங்களைப் பற்றி அதிகம் சொல்ல நேரமில்லை. காது செவிடுபடும் இரைச்சலும், கழுத்தை அறுப்பதை அருகில் வைத்துக் காட்டும் துணிச்சலும் நமக்கு ஒவ்வாதவை. குழந்தைகளோடு அமர்ந்து பார்க்கையில் ரிமோட்டைக் கையிலேயே வைத்திருக்க வேண்டியிருக்கிறது. ஆனால் 2015-இல் வந்த 'காக்கா முட்டை' எந்தப் பழைய படத்துக்கும் தாழ்ந்ததன்று. தண்டவாளத்து ஓரம் சிதறிய கரியைப் பொறுக்கி விற்கும் இரண்டு சிறுவர்களின் கதை அது. அவர்களுக்குக் கரி கிடைக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் பழரசம் என்ற லைன்மேனை அலுவலகத்தில் கண்டால் நாம் மேலிடத்துக்கு எழுதவேண்டியவர்கள். படத்தில் கண்டபோதோ, எழுந்து கும்பிடத் தோன்றிற்று. 2018-இல் வந்த 'பரியேறும் பெருமாள்' படத்தில் தண்டவாளத்தில் கட்டப்பட்ட நாயைப் பார்த்தபின் நம் மகள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவளுக்குக் காட்டியிருக்கவேண்டாம் என்றார் நம் வீட்டார். காட்டியது சரியே என்பது நமது அபிப்பிராயம். நம் சாதிப் பெருமைகளை ரயிலேற்றி இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கிறோம். அதன் மறுபக்கத்தையும் பிள்ளைகள் அறியவேண்டாமா?

கடைசியாக, 2024-இல் வந்த 'மெய்யழகன்'. பிரேம்குமார் இயக்கியது. சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து, 1996-இல் ஊரைவிட்டுப் போன குடும்பத்து அருள்மொழி என்பவர், 22 ஆண்டுகள் கழித்து ஒரு திருமணத்துக்காக நீடாமங்கலத்துக்கு வருகிறார். அங்கே ஓர் இளைஞன் "அத்தான், அத்தான்" என்று அவரை விட்டு அகலாமல் உபசரிக்கிறான். அவன் யார், பெயர் என்ன என்பது இவருக்கு நினைவில்லை, கேட்கவும் நாணம். அந்த நாணம் தாளாமல் இரவோடிரவாகச் சொல்லாமலே புறப்பட்டுவிடுகிறார். படம் சற்று நீளம். வெளியான சில நாட்களில் கத்தரிக்கவும் செய்தார்கள். இரவெல்லாம் அவர்கள் பேசுகிற பகுதியில் நம் வீட்டார் உறங்கிவிட்டதையும் மறைப்பதற்கில்லை.

நமக்கு உறக்கம் வரவில்லை. 2019-இல் பாஸ் எடுத்து, கோரமண்டல் விரைவுவண்டியில் சென்னை வரை சென்று, அங்கிருந்து ஊருக்குப் போயிருந்தோம். கோயில் வாசலில் ஒருவர் நம் கையைப் பற்றிக்கொண்டு, "என்ன மாப்பிள்ளை, தெரிகிறதா?" என்றார். "தெரியாமல் என்ன!" என்று சொல்லிவிட்டோம். அவர் நம்மை வீட்டுக்கு அழைத்துச் சென்று சோறிட்டார். நம் தந்தையார் பணிமனையிலிருந்து எழுதிய கடிதம் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார். மேல்விலாசம் மழையில் நனைந்து அழிந்திருந்தது. உள்ளே, "அன்புள்ள தம்பிக்கு" என்று மட்டும் இருந்தது. திரும்பி வரும் வண்டியில் மகள், "அப்பா, அந்தத் தாத்தாவின் பெயர் என்ன?" என்று கேட்டாள். அவளுக்கு அப்போது பத்து வயது. ஏதோ ஒரு பெயரைச் சொல்லிவைத்தோம்.

இந்தப் படத்தை அவள் ஆங்கில எழுத்துகளின் துணையோடுதான் பார்த்தாள். பாதித் தமிழ் அவளுக்கு எட்டாது. அருள்மொழி பெயர் தெரியாமல் விழிக்கும் இடத்தில் திரையைப் பார்க்காமல் நம் முகத்தைப் பார்த்தாள். "அன்று நீங்கள் சொன்ன பெயர் நிஜம்தானா, அப்பா?" என்றாள். நாம் பதில் சொல்லவில்லை. மறுநாளே ஊரில் தெரிந்தவர்களுக்குத் தொலைபேசியில் பேசி விசாரித்தோம். கோயிலுக்குத் தெற்கே, ஓட்டு வீடு, வாசலில் முருங்கை மரம் என்று அடையாளம் சொன்னோம். அந்த வீடு பூட்டிக் கிடப்பதாகவும், அவர் தம் மகனுடன் திருப்பூருக்குப் போய்விட்டதாகவும் சொன்னார்கள். பெயரை ஆளுக்கொன்றாகச் சொல்கிறார்கள். வரும் மே மாதத்துக்குப் பாஸ் எழுதிக் கொடுத்திருக்கிறோம். இம்முறை மகளும் நாமும் மட்டும், திருப்பூர் வரை.

இன்றிரவு காட்டப்போவது அந்தப் படமே. ஏழு மணிக்குத் தொடங்கும். நீளம் கருதி, உணவுப் பந்தி முன்கூட்டியே ஆறு மணிக்கு வைக்கப்பட்டிருப்பதாகச் செயலாளர் அறிவிக்கச் சொன்னார்.